கூரைமேல் வெந்நீர்

சூரியனைக் கும்பிடுவதில் நம்மவர்க்கு ஈடானவர் உலகில் இல்லை. தை பிறந்தால் வாசலில் பானை வைத்து அவனுக்குப் படைக்கிறோம். ஆனால் அவனை வேலை வாங்குவது என்று வந்துவிட்டால், துணி உலர்த்துவதோடும் கருவாடு காயவைப்பதோடும் நம் புத்தி நின்றுவிடுகிறது. நாள் முழுதும் நம் தகரக் கூரைகளின்மேல் கொட்டிக் கிடக்கும் வெப்பத்தை வீணே போகவிட்டு, மாலையானதும் நாம் எரிவாயுவையும் மின்சாரத்தையும் காசு கொடுத்து வாங்கி வெந்நீர் போடுகிறோம். இது சிக்கனமா, அறிவுடைமையா என்பதை வாசகர்கள் சற்றுப் பொறுமையுடன் யோசிக்க வேண்டுமாய்க் கேட்டுக்கொள்கிறோம்.

இந்த இடத்தில் ஒரு நண்பர் குறுக்கிட்டு, “ஐயா, வெப்ப நாட்டில் வெந்நீர் எதற்கு? அது நோயாளிக்கும் சோம்பேறிக்கும் அல்லவா?” என்று கேட்கக்கூடும். இவ்வாறு கேட்பவர் பெரும்பாலும் இளைஞராகவும் ஆண்மகனாகவும் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்ப்பவராகவும் இருப்பார் என்பது நம் அனுபவம். பிள்ளை பெற்று ஒரு வாரமே ஆன தாயை அவர் கேட்டுப் பார்க்கட்டும். மழையில் நனைந்துகொண்டே செம்பனைக் குலை வெட்டிவிட்டு வந்தவனைக் கேட்கட்டும். இருபது முப்பது வருஷம் பால்மரம் வெட்டி, முழங்காலும் முதுகும் தேய்ந்துபோன கிழவியைக் கேட்கட்டும். வெந்நீர் எதற்கென்று அவர்கள் சொல்வார்கள்.

நாம் கிள்ளானிலிருந்து பந்திங் போகும் வழியிலுள்ள ஜெஞ்சாரோமில் குடியிருக்கிறோம். பக்கத்துத் தோட்டமொன்றில் கிராணி உத்தியோகம் பார்த்து வருகிறோம். யார் யார் வேலைக்கு வந்தார், எத்தனை குலை வெட்டினார், எத்தனை மணி நேரம் உழைத்தார் என்று செக்ரோலில் பதிவது நம் தொழில். ஒருவருடைய அரைநாளும் அந்தப் புத்தகத்தில் தவறிப்போவதில்லை. ஆனால் நம் தாயார் லயத்து வீட்டில் இருந்த காலத்தில் செய்த ஒரு வேலை எந்தக் கிராணியின் புத்தகத்திலும் ஏறியதில்லை. வெளிக்காட்டில் பால்மரம் வெட்டி, வாளி சுமந்து, நிறுத்துக் கொடுத்து, வீடு திரும்பிய பிறகு, அவர் பட்டுப்போன பால்மரக் கட்டையைப் பிளந்து, மூன்று கல் அடுப்பில் அண்டாவை ஏற்றி, வீட்டிலுள்ள எழுவருக்கும் தண்ணீர் காய்ச்சுவார். கொதித்த தண்ணீரைக் கையால் தூக்கிப் பின்கட்டுப் படியிறங்கிக் குளிப்பறைக்குக் கொண்டுபோவதும் அவரே. ஒருநாள் படியில் அவர் கால் வழுக்கியதில், பின்னால் வந்துகொண்டிருந்த நம் தமக்கையாரின் தொடையில் தண்ணீர் கொட்டிவிட்டது. அந்தத் தழும்பு இன்றும் இருக்கிறது. “நெருப்போடு பழகினால் சுடத்தான் செய்யும்” என்று அண்டை வீட்டார் ஆறுதல் சொன்னார்கள். அடுப்பில்லாமலே தண்ணீர் சூடாகலாம் என்ற எண்ணம் அன்று எவருக்கும் தோன்றவில்லை.

தோன்றாததற்குக் காரணம் அவர்கள் அறியாமையன்று, சொல்வாரில்லாமையே. 2003-ஆம் ஆண்டு முதல் சில வருஷ காலம் இந்நாட்டுப் பள்ளிகளில் விஞ்ஞானமும் கணிதமும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டன. நாம் அக்காலத்துப் பிள்ளை. சூடான நீர் இலேசாகி மேலே எழும்பும், குளிர்ந்த நீர் கனத்துக் கீழே இறங்கும் என்னும் தத்துவத்தை ஆங்கிலத்தில் நெட்டுருப் போட்டோம். படம் வரைந்து மதிப்பெண்ணும் வாங்கினோம். அந்தப் படத்துக்கும் அம்மாவின் அண்டாவுக்கும் சம்பந்தமுண்டு என்று அந்தப் பாடத்தில் ஒரு வரிகூட இல்லை. வீட்டு மொழியில் வந்து சேராத விஞ்ஞானம் பரீட்சைக் காகிதத்தோடு பழைய காகிதக் கடைக்குத்தான் போகும். ஆகவே அந்த ஒரு தத்துவத்தையாவது தமிழில் சொல்லிவிட வேண்டுமென்பதே இக்கட்டுரையின் முதல் நோக்கம்.

கருவியின் அமைப்பு மிகவும் எளியது. கறுப்புப் பூசிய ஓர் உலோகத் தகடு, அதனோடு ஒட்டிய சிறு செம்புக் குழாய்கள், மேலே கண்ணாடி, கீழே வெப்பம் கசியாதபடி பஞ்சுபோன்ற ஒரு மெத்தை. இதுதான் வெயில் பிடிக்கும் பெட்டி. இதற்குச் சற்று மேலே, நன்றாகப் போர்த்திய ஒரு தொட்டி. கறுப்புத் தகடு வெயிலை உண்டு சூடாகிறது. அந்த வெப்பம் வெளியேறாமல் கண்ணாடி மறித்துக்கொள்கிறது. குழாயிலுள்ள நீர் சூடேறி இலேசாகித் தொட்டிக்கு ஏறுகிறது. தொட்டியின் அடியிலுள்ள குளிர்ந்த நீர் அவ்விடத்துக்கு இறங்குகிறது. பம்பு இல்லை, விசை இல்லை, ஆள் இல்லை. வெயில் உள்ளவரை இந்த ஓட்டம் தானே நடந்துகொண்டிருக்கும். தகட்டுக்குப் பதிலாக, நடுவே காற்றை நீக்கிய இரட்டைக் கண்ணாடிக் குழல்களை அடுக்கிய வகையும் உண்டு. அதன் காரியமும் இதுவே.

இஃது ஏதோ நேற்று வந்த புதுமையென்றும் எண்ண வேண்டாம். 1767-ஆம் ஆண்டிலேயே டி சொசூர் என்னும் சுவிட்சர்லாந்து அறிஞர் கண்ணாடி மூடிய ஒரு பெட்டியை வெயிலில் வைத்து, அதனுள்ளே தண்ணீர் கொதிக்கும் அளவுக்கும் மேற்பட்ட உஷ்ணத்தை உண்டாக்கிக் காட்டினார். 1891-இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்துக் கிளாரன்ஸ் கெம்ப் என்பவர் வெயிலால் நீர் காய்ச்சும் கருவிக்குக் காப்புரிமை பெற்று விற்கத் தொடங்கினார். அதில் சேர்ந்த சூடு இரவில் ஆறிவிடும். 1909-இல் கலிபோர்னியாவில் வில்லியம் பெய்லி என்பவர் தொட்டியைப் பெட்டியிலிருந்து பிரித்துப் போர்த்தி வைத்து அக்குறையை நீக்கினார். அன்று அவர் செய்த அமைப்புத்தான் சிற்சில மாற்றங்களோடு இன்று நம் ஊர்க் கூரைகளிலும் இருக்கிறது. பிறகு அங்கே மலிவான எரிவாயுவும் மின்சாரமும் வந்தன. மக்கள் சூரியனை மறந்தார்கள். மலிவாகக் கிடைப்பது வந்தால் இனாமாகக் கிடைப்பதை மறப்பது மனித சுபாவம் போலும்!

நிற்க. இதை மறக்காத ஒரு சிறு தீவைப் பற்றி நம் தோட்டத்துச் சகோதரர்கள் அவசியம் அறிய வேண்டும். அதன் பெயர் பார்படோஸ். மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்று. நம் முன்னோரை இங்கே ரப்பருக்காகக் கொண்டுவந்த அதே வெள்ளைக்கார ஆட்சி, அங்கே கரும்புக்காக ஆப்பிரிக்க மக்களை அடிமைகளாக்கி வேலை வாங்கிற்று. 1834-இல்தான் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. 1966-இல் தீவு சுதந்தரமடைந்தது. எண்ணெயை வெளிநாட்டிலிருந்து வாங்கி எரித்துக்கொண்டிருந்த அத்தீவுக்கு 1973-இல் ஏற்பட்ட எண்ணெய் விலையேற்றம் பெரிய அடியாக விழுந்தது. அச்சமயம் ஆண்ட்ரூ ஹாட்ச் என்னும் பாதிரியார் சூரிய வெந்நீர்க் கருவியில் ஊக்கம் காட்டினார். ஜேம்ஸ் ஹஸ்பண்ட்ஸ் என்பவர் 1974-இல் அதைச் செய்து விற்க ஒரு தொழிற்சாலையே தொடங்கிவிட்டார். சர்க்காரும் வாளா இருக்கவில்லை. கருவிக்கான மூலப்பொருளுக்கு வரிவிலக்குக் கொடுத்தது. மின்சார வெந்நீர்க் கருவியின்மேல் வரி போட்டது. 1980 முதல் சில ஆண்டுகள், கருவி வாங்கியவர் அச்செலவை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளவும் இடங்கொடுத்தது. விளைவு யாதெனில், கரும்புத் தோட்டத்து அடிமைகளின் வழித்தோன்றல்கள் வாழும் பல்லாயிரம் வீடுகளின் கூரைமேல் இன்று வெந்நீர்த் தொட்டி நிற்கிறது. வெயிலில் நாம் அவர்களுக்குக் குறைந்தவர்களல்லவே!

வேறு நாடுகளும் உண்டு. இஸ்ரேலில் 1950-களின் தொடக்கத்தில் தொடங்கிய இம்முயற்சி, 1980-இல் புது வீடுகளுக்குச் சட்டக் கட்டாயமாயிற்று. பெங்களூரில் புதிதாகக் கட்டும் வீடுகளில் இக்கருவி இருக்க வேண்டுமென்று விதி செய்ததோடு, மின்கட்டணத்தில் சிறு தள்ளுபடியும் கொடுத்து ஊக்கினார்கள். அவ்வூருக்குப் போய்வந்தவர்கள் மாடிதோறும் தொட்டிகளைக் கண்டிருப்பார்கள்.

இனி நம் ஊர்க் கணக்குக்கு வருவோம். கணக்கில்லாமல் பேசுவது கிராணிக்கு அழகன்று.

ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு பாகை சூடேற்ற ஒரு கிலோகலோரி வேண்டும். ஒரு யூனிட் மின்சாரத்தில் 860 கிலோகலோரி அடங்கியிருக்கிறது. ஒருவர் குளிக்க 40 லிட்டர் இளஞ்சூட்டு நீர் என்று வைத்துக்கொண்டால், குழாயில் 27 பாகையில் வரும் நீரை 40 பாகைக்கு ஏற்ற 520 கிலோகலோரி, அதாவது ஏறக்குறைய 0.6 யூனிட் ஆகும். ஆறு பேர் உள்ள வீட்டுக்கு நாளொன்றுக்கு 3.6 யூனிட், மாதத்துக்கு 108 யூனிட். இந்நாட்டில் ஒரு சதுர மீட்டர் இடத்தில் ஒரு நாளில் விழும் வெயில் சராசரி 4 முதல் 5 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். இரண்டு சதுர மீட்டர்ப் பெட்டி அதில் பாதியைப் பிடித்தாலும் 4 யூனிட்டுக்குக் குறையாது. ஆகவே ஒரு குடும்பத்தின் குளியலுக்கு ஒரு பெட்டி போதும்.

காசுக் கணக்கு எப்படி? 2014 முதல் 2025-ஆம் ஆண்டு நடுப்பகுதி வரை இருந்த வீட்டுக் கட்டண அட்டவணையில், முதல் 200 யூனிட்டுக்கு யூனிட் ஒன்றுக்கு 21.8 காசு; அடுத்த 100 யூனிட்டுக்கு 33.4 காசு, அதற்கும் மேலே போனால் குறைந்தது 51.6 காசு. அக்கணக்குப்படி மேற்சொன்ன 108 யூனிட்டும் அடிமட்டக் கட்டணத்தில் அமைந்தால் மாதம் ஏறக்குறைய 24 வெள்ளி. நடுக்கட்டணத்தில் 36 வெள்ளி. உயர்கட்டணத்தில் 56 வெள்ளி. கருவியும் கூலியும் சேர்த்து 4,500 வெள்ளி என்று வைத்துக்கொண்டால், மின்சாரம் அதிகம் செலவழிக்கும் வீட்டில் போட்ட பணம் ஏறக்குறைய 7 ஆண்டில் திரும்பிவிடும். நடுத்தர வீட்டில் 10 ஆண்டுக்குச் சற்று மேல். சிக்கனமாய் வாழும் ஏழை வீட்டிலோ ஏறக்குறைய 16 ஆண்டு!

விற்பனைக்காரர் இந்தக் கடைசி வரியைச் சொல்லமாட்டார். நாம் சொல்லாமல் விட்டால் வாசகர்களுக்குத் துரோகம் செய்தவராவோம். யாருக்கு வெந்நீர் அதிகம் தேவையோ, அவருக்கே இக்கருவியால் வரும் காசு லாபம் குறைவாயிருக்கிறது. யாருக்குக் குளிரூட்டியும் பெரிய வீடும் உண்டோ, அவருக்கு லாபம் சீக்கிரம் வருகிறது. இது சூரியனுடைய குற்றமன்று. அவன் லயத்துக் கூரைக்கும் பங்களாக் கூரைக்கும் ஒரே வெயிலைத்தான் கொடுக்கிறான். குறை நாம் அதை ஒவ்வொருவராகத் தனித்தனியே வாங்கப் போவதில் இருக்கிறது.

அன்றியும், காசுக் கணக்கில் வராத சங்கதிகள் சில உண்டு. கிள்ளானுக்கு வடக்கே காப்பாரில் நிலக்கரி எரிக்கும் பெரிய மின்நிலையம் இருக்கிறது. நாம் குளிப்பறையில் விசையைத் தட்டும்போது அப்படிப்பட்ட அடுப்பொன்றில் எங்கோ கரி எரிகிறது. புகை நம் அடுக்களையிலிருந்து ஒழிந்ததேயன்றி உலகத்திலிருந்து ஒழியவில்லை. ஜெஞ்சாரோம்வாசிகளுக்குப் புகையைப் பற்றி எவரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. சீனா குப்பை வாங்குவதை நிறுத்திய பிறகு, 2018-இல் வெளிநாட்டுப் பிளாஸ்டிக் குப்பை நம் ஊரைச் சுற்றிக் குவிந்து, இரவிலே எரிந்து, நாற்றத்தில் ஊரே தூங்காமல் கிடந்தது. ஊரார் ஒன்றுகூடிப் புகார் செய்து, வெளியுலகம் பார்க்கும்படி குரல் எழுப்பிய பிறகே உரிமமில்லாத பல தொழிற்சாலைகள் மூடப்பட்டன. ஊர் கூடினால் காரியம் நடக்கும் என்பதற்கு நாம் வேறெங்கும் போய் உதாரணம் தேட வேண்டியதில்லை.

நம் வீட்டில் 2021 முதல் இக்கருவி இருந்து வருகிறது. வைத்த அன்று தாயார் மேலே அண்ணாந்து பார்த்து, “ஏன் தம்பி, வெயிலைப் பிடித்துக் குழாயில் விடுகிறார்களா?” என்று கேட்டார். “ஆமாம், அம்மா” என்றோம். நம்பவில்லை. மாலையில் குழாயைத் திறந்து கையை நீட்டியவர் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். பிறகு வெகுநேரம் பேசவே இல்லை. கடைசியில், “இது அப்போதே இருந்திருந்தால் அக்காவின் கால்…” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். கருவிக்குக் கொடுத்த விலையைப் பற்றி அன்றோடு நாம் பேசுவதை விட்டுவிட்டோம்.

அனுபவத்தில் அறிந்த சிலவற்றையும் சொல்லிவிடுகிறோம். நம் பக்கத்தில் மழை பெரும்பாலும் பிற்பகலில்தான் இடியோடு வருகிறது. அதற்குள் காலை வெயில் தன் வேலையை முடித்துவிடும். தோட்டத்தில் அதிகாலையில் பெயர் கொடுத்து மாலைக்குள் திரும்புகிறவருக்கு, வீடு வரும் நேரமும் நீர் சூடாயிருக்கும் நேரமும் ஒத்துப்போகின்றன. இரண்டு மூன்று நாள் அடைமழை பிடித்தாலோ, புகைமூட்டம் வானத்தை மறைத்தாலோ மட்டும் தொட்டியிலுள்ள மின்சாரத் துணைவிசையைச் சற்றுநேரம் போட நேரும். சில வீடுகளில் அந்த விசையை இரவும் பகலும் போட்டே வைத்திருக்கிறார்கள். கூரைமேல் சூரியனை உட்காரவைத்துவிட்டுச் சுவரிலுள்ள மின்சாரத்தில் குளிப்பது வேடிக்கையிலும் வேடிக்கை!

இந்தியப் புத்தகங்களில் பெட்டியைத் தெற்கு நோக்கி வைக்கும்படி எழுதியிருக்கும். நாமோ நிலநடுக்கோட்டுக்கு ஏறக்குறைய 3 பாகை வடக்கே இருக்கிறோம். சூரியன் ஆண்டில் ஒரு பாதி நமக்கு வடபுறமும் மறுபாதி தென்புறமும் நடக்கிறான். ஆதலால் திசையைப் பற்றி அதிகம் கவலை வேண்டாம். மரநிழல் விழாதிருப்பதும், நீர் ஏறி இறங்கப் போதிய சாய்வு இருப்பதுமே முக்கியம். 160 லிட்டர்த் தொட்டியில் நீர் மட்டும் 160 கிலோ. இற்றுப்போன பழைய மரச்சட்டம் அதைத் தாங்காது. அங்கே தரையில் இரும்புத் தாங்கி நிறுத்தியே வைக்க வேண்டும். வருஷத்துக்கொரு முறை கண்ணாடியைக் கழுவி, அடியிலுள்ள வண்டலை வடித்து, தொட்டி துருப்பிடிக்காமல் தன்னைத் தேய்த்துக்கொடுக்கும் மக்னீசியக் கம்பியைப் பார்க்க வேண்டும். நமக்குப் பொருத்திக் கொடுத்த ஆள் அந்தக் கம்பியைப் பற்றி மூச்சுவிடவில்லை. நாமே கைப்புத்தகத்தைப் படித்துத்தான் தெரிந்துகொண்டோம்.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். வெதுவெதுப்பாகவே நெடுநாள் தேங்கும் நீரில் லெஜியோனெல்லா என்னும் கிருமி பெருகக்கூடும். 1976-இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்தில் ஒரு கூட்டத்துக்கு வந்தவர்களிடையே பரவி, இந்நோய் முதன்முதலாக அறியப்பட்டது. ஆகையால் தொட்டி நீரை அவ்வப்போது 60 பாகைக்கு ஏற விடுவது நல்லது. அந்தச் சூட்டில் வரும் நீர் சில விநாடிகளில் தோலை வேகவைத்துவிடும். எனவே குழந்தைகள் உள்ள வீட்டில் குளிர்நீர் கலக்கும் தடுக்கிதழ் இல்லாமல் வைக்கவே கூடாது. மின்சாரத் துணைவிசை உள்ள இடத்தில், கசிவு ஏற்பட்டால் உடனே துண்டிக்கும் காப்புக் கருவியும் இருந்தே தீரவேண்டும். அண்டாவின் ஆபத்தை ஒழித்துவிட்டுக் குழாயில் வேறோர் ஆபத்தை வரவழைத்துக்கொள்வது புத்திசாலித்தனமாகாது.

இவ்வளவும் சொந்தக் கூரை உள்ளவருக்கு. கூரையில்லாதவர் கதி என்ன? தோட்டங்கள் வீட்டுமனைகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறியபோது, லயங்களைவிட்டு வெளியேறிய நம்மவருள் பலர் இன்று மலிவுவிலை அடுக்குமாடிகளில் குடியிருக்கிறார்கள். அங்கே கூரை எல்லோருக்கும் பொது. ஆகவே ஒருவருக்கும் சொந்தமில்லை. 2013-ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாகச் சட்டப்படி பொதுச்சொத்தைப் பராமரிக்கும் பொறுப்பு நிர்வாகக் குழுவினுடையது. தனியொருவர் தம் விருப்பம்போல் தொட்டி வைத்துவிட முடியாது. ஐந்தாம் மாடியில் முழங்கால் வலியோடு உட்கார்ந்திருக்கும் முன்னாள் பால்மரத் தொழிலாளி ஒருத்தி, தலைக்கு மேலே வெயில் வீணாவதைப் பார்த்துக்கொண்டே கெட்டிலில் தண்ணீர் காய்ச்சி, அதைக் கையில் பிடித்துக்கொண்டு ஈரத் தரையில் நடக்கிறாள். நாம் மேலே எழுதிய கணக்கில் அவளுக்கு ஒரு வரியும் இல்லை.

ஆயினும் வழியில்லாமலில்லை. 1960-இல் துன் வீ. தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாக நடந்து, கைகட்டி நின்ற தொழிலாளரிடம் சிறுகச் சிறுகப் பங்குப்பணம் சேர்த்து, தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்துத் தோட்டங்களையே வாங்கிக் காட்டினார். தோட்டத்தை வாங்கிய சமூகத்துக்குத் தொட்டி வாங்குவது பெரிய காரியமா? இருபது வீட்டார் சேர்ந்து ஒரே சமயத்தில் வாங்கினால் விலை குறையும், தவணையும் தாங்கும், பழுது பார்க்க ஒரே ஆளை அமர்த்தலாம். அடுக்குமாடியில் ஒரு பெரிய பொதுத்தொட்டி வைத்து, வீட்டுக்கு வீடு அளவுமானி பொருத்திக்கொள்ளலாம். நிர்வாகக் குழுவின் ஆண்டுக் கூட்டத்தில் நம்மவர் வாயை மூடிக்கொண்டிராமல் இதை ஒரு தீர்மானமாகக் கொண்டுவர வேண்டும்.

தோட்ட நிர்வாகங்களுக்கும் ஒரு வார்த்தை. தொழிலாளர் வீடுகளுக்கு வர்ணம் பூசுவதற்கும் வேலி கட்டுவதற்கும் செலவுப் பட்டியலில் இடமிருக்கிறது. ஒவ்வொரு லயத்துக்கும் ஒரு தொட்டி, ஆயாக்கொட்டகைக்கு ஒன்று, மருத்துவ விடுதிக்கு ஒன்று என்று ஒரு தலைப்பு எழுத அதே பட்டியலில் இன்னொரு வரி போதும். அந்த வரியை எழுதும் பேனா கிராணிகளின் கையில்தான் இருக்கிறது. துரை கையெழுத்திடுவாரோ மாட்டாரோ. எழுதி அனுப்புவது நம் கடமை. நாம் இவ்வாண்டு எழுதி அனுப்பியிருக்கிறோம். மற்றத் தோட்டத்துக் கிராணித் தோழர்களும் அவரவர் பட்டியலில் அவ்வாறே எழுதி அனுப்புவார்களாக.